கால் நிற்பதற்கு ஒரு கந்தூரி

கச்சான் காற்று தொடங்கிவிட்டால் கல்முனையில் யாருக்குத்தான் மனம் ஒரு நிலையில் இருக்கும்? மேற்கே வயல்வெளியில் கிடக்கிற புழுதியை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கண்ணிலும் வாயிலும் கொட்டிவிட்டுத்தான் அது கடலுக்குப் போகும். உம்மாமார் பிள்ளைகளுக்குக் காரணமில்லாமல் நாலு போடுவார்கள். கட்டிப்போட்ட மாடு கயிற்றை இழுத்துக்கொண்டே நிற்கும். நல்ல மனிதர்கள் பள்ளிவாசல் படியில் நின்று சும்மா சண்டை பிடிப்பார்கள். ஆனால் கச்சிமுகம்மதுவைப் பொறுத்தவரை இதில் புதினம் ஒன்றுமில்லை. அவனுக்கு வருடம் பன்னிரண்டு மாதமும் கச்சான்தான்.

பிறந்தது மருதமுனையில், தறிக்காரக் குடும்பத்தில். தறியில் உட்கார்த்திவைத்த மூன்றாம் மாதமே, பாதி நெய்த சாரனை அப்படியே விட்டுவிட்டுக் கரைவலைக்காரரோடு போய்விட்டான். கரைவலை அலுத்ததும் கல்லோயாத் திட்டத்துக்குச் சீமெந்து ஏற்றுகிற லொறியில் ஏறினான். அது அலுத்துத் திருகோணமலை. அதுவும் அலுத்துக் கொழும்பு. கலியாணம் முடித்துக் கல்முனையில் நாச்சியாவின் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த பிறகாவது அடங்கினானா? மூன்று வருடத்தில் மூன்று தடவை காணாமற்போனான். சண்டை பிடித்துக்கொண்டு போகிறவனும் இல்லை. வெற்றிலை வாங்கிவருகிறேன் என்று சொல்லிப் போவான். இரண்டு மாதம் கழித்து ஒரு சீத்தைத் துணியோடு வாசலில் வந்து நின்று, "வெத்திலய மறந்துட்டன் புள்ள" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு அரசாங்கக் கச்சேரியில் கையெழுத்தே வாங்கலாம்.

முதல் தடவை நாச்சியா சிரிப்புக்குக் கதவைத் திறந்தாள். இரண்டாம் தடவை அழுதுகொண்டு திறந்தாள். மூன்றாம் தடவை திறந்தபோது அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. ஆண்பிள்ளை அங்கே வந்து இருக்கிறவன், அவ்வளவுதான். அவளுடைய வாப்பா சீதனமாகக் கொடுத்த வளவு ஒன்று சந்தை றோட்டோரம் கிடந்தது. அதைக் காட்டி அவள் சொன்னாள்:

"இஞ்சேருங்க, இந்த வளவுல ஒரு சாப்பாட்டுக்கடை போடுங்க. அடுப்படிய நான் பாக்கிறன். இதையும் போட்டுட்டுப் போனீங்க எண்டா, போன இடத்திலயே இரிந்துகொள்ளுங்க. சீத்தையும் வேணா, சிரிப்பும் வேணா. கதவு திறக்க மாட்டன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அதனால்தான் அவனுக்குப் பயம் வந்தது. நாச்சியா கத்தினால் ஒரு மணித்தியாலத்தில் ஆறிவிடுவாள். மெதுவாகச் சொன்னால் சொன்னதுதான்.

சித்திரையில் கடை போட்டார்கள். தென்னங்கிடுகு வேய்ந்த பெரிய பந்தல், முன்னால் ஆட்கள் இருக்க ஒரு வாங்கு, பின்னால் கிடுகு மறைப்புக்கு அப்பால் அடுப்படி. ஆனால் ஆள்தான் இல்லை. எதிர்ப்பக்கத்து ஹோட்டலில் ரொட்டியும் இறைச்சியும் இருந்தன, ஒரு றேடியோவும் இருந்தது. சந்தைக்கு வருகிறவன் எல்லாம் றேடியோவுக்கு அடியில் போய்க் குந்திக்கொண்டு, வாயைத் திறந்தபடி படப்பாட்டுக் கேட்டான். கச்சிமுகம்மதுவும் அதே ரொட்டியைத்தான் போட்டுப் பார்த்தான். ரொட்டி பாடுமா?

ஆடி பிறந்தது. ஒரு நாள் மத்தியானம் நாச்சியா தனக்கென்று ஆக்கின புளியாணத்தை அவனுக்கும் ஊற்றினாள். பழப்புளியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து, மிளகு மணக்க, சுடச்சுட. கூடவே சீனட்டி அரிசிச் சோறு, இறால் பொரியல், முருங்கையிலைச் சுண்டல். இரண்டு கவளம் வைத்தவன் எழும்பிவிட்டான்.

"புள்ள! இதத்தான் விக்கோணும்!"

"விசரா உங்களுக்கு? வீட்டுல திங்கிறத ஆர் கடையில காசு குடுத்துத் திங்கிற?"

"திங்க வெப்பம். சந்தைக்கு வாறவன் வீட்ட விட்டு எத்தின கட்டை தூரம் தள்ளி வாறான்? அவனுக்கு வீட்டுச் சோறு எங்க கிடைக்கும்? பாட்டும் வெப்பம். பொல்லு தட்டி ஆடிப் பாடுற பொல்லடி! சாய்ந்தமருதுல மீராமுகைதீன் அண்ணாவியார்ர கூட்டத்தக் கூப்புடுவம். உசிரோட பாடுற மனிசனுக்கு முன்னால அந்தப் பெட்டி என்ன செய்யும்?"

காய்ச்சல் வருகிற மாதிரித்தான் அவனுக்கு யோசனை வரும். வந்தால் உடம்பெல்லாம் கொதிக்கும், மூன்று நாளில் விட்டுவிடும். நாச்சியாவுக்கு அது தெரியும். தெரிந்தும் அவளுக்குள்ளும் ஏதோ ஒன்று பற்றிக்கொண்டது. தன் கைச்சோற்றை ஊரார் உண்டு பார்க்கட்டுமே என்ற ஆசை எந்தப் பெண்ணுக்கு இல்லை? தங்கை ஸம்ஸியாவை உதவிக்குக் கூப்பிட்டாள். அடுத்த வியாழச் சந்தையை நாளாக வைத்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்தக் கிழமை தொடக்கத்தில் கச்சிமுகம்மதுவுக்குக் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. பெற்றாவில் புடைவைக்கடை வைத்திருக்கிற சாச்சா மகன் ஷரிபுதீன் எழுதியிருந்தான். கடையில் ஒரு இடம் காலியாம், வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் அவனுக்குத்தானாம், இல்லாவிட்டால் வேறு ஆளாம். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவன் பட்ட பாடு! இரண்டு சாரனையும் ஒரு சட்டையையும் சீலைப்பையில் சுருட்டி, கடையில் அரிசிச் சாக்குகளுக்கு அடியில் தள்ளிவைத்தான். சும்மா வைத்திருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சந்தை நன்றாக நடந்தால், நாச்சியாவுக்கு ஒரு வழி பிறந்துவிட்டது, இனி நான் போனாலும் பரவாயில்லை. நடக்காவிட்டால், இந்தக் கடையால் பயனில்லை, நின்று என்ன செய்ய? இப்படி இரண்டு பக்கமும் யோசித்தான். எந்தப் பக்கம் யோசித்தாலும் மட்டக்களப்புக்குப் போகிற மூன்று மணி பஸ்ஸில்தான் போய் முடிந்தது. கதவு திறக்க மாட்டேன் என்று அவள் சொன்னது அடிக்கடி ஞாபகம் வந்தது. வந்தாலும் கால் கேட்கவில்லை.

புதன்கிழமை பின்னேரம் இன்னொரு யோசனை முளைத்தது. வீட்டுச் சோற்றை ஆளுக்கொரு கடைப் பீங்கானில் போட்டால் அது வீட்டுச் சோறா? பாய் விரித்து, பெரிய சஹன் தட்டில் சோற்றைக் குவித்து, சுற்றிவர ஆறு பேர் ஒன்றாக இருந்து கை வைத்தால் அல்லவா அது சோறு! நேரே பள்ளிவாசலுக்குப் போனான். ஊரில் விருந்து நடந்தால் எடுத்துக் கொடுப்பதற்கென்று சஹன்கள் அங்கேதான் அடுக்கியிருந்தன. பாங்கு சொல்கிற மோதின் முகம்மது தம்பி கதவைத் திறந்துவிட்டார்.

"எத்தின சஹன்?"

"இரிக்கிறதெல்லாம் தாங்க காக்கா."

"சுபுஹானல்லா! எத்தின பேருக்குத் தம்பி?"

"வாறவங்களுக்கெல்லாம்தான்!" என்றான் கச்சிமுகம்மது, பதினைந்து சஹனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டே. காசு என்ற சொல்லை அவன் எடுக்கவே இல்லை. மோதினும் கேட்கவில்லை. கேட்பாரா? பள்ளிச் சஹனை வீட்டுக்கு எடுக்கிறவன் கலியாணத்துக்கு எடுப்பான், பிள்ளையின் சுன்னத்துக் கத்தனாவுக்கு எடுப்பான், பாத்திஹா ஓதி ஊருக்கே சும்மா சோறு கொடுக்கிற கந்தூரிக்கு எடுப்பான். விற்பதற்கு எடுத்தவன் அந்த ஊரில் அதுவரை பிறக்கவில்லை. ஒரு மனிதனாவது நின்று யோசிக்க வேண்டாமா? எங்கள் கச்சிமுகம்மதுவுக்கு நிற்பதுதானே வராது!

வியாழக்கிழமை விடிந்தபோதே காற்று ஊளையிட்டது. படங்குகளைக் கல் வைத்து அமர்த்திக்கொண்டு சந்தை விரிந்தது. சம்மாந்துறை மாட்டு வண்டிகள் நெல்லும் தயிர்ச் சட்டியுமாக வந்து நின்றன. காட்டுப்பக்கத்தார் பாலப்பழத்தைக் கூடையில் கொண்டுவந்து, பேணியால் அளந்து கொட்டினார்கள். மருதமுனைக்காரர் சாரன்களைக் கயிற்றில் போட, காற்று அதைப் பிடுங்க, அவர்கள் காற்றைத் திட்டினார்கள். வெள்ளரிக்காய், முந்திரிகைக் கொட்டை, கடலிலிருந்து அப்போதுதான் வந்த பாரை மீன். கச்சிமுகம்மது கடைக்கும் சந்தைக்குமாகப் பத்துத் தடவை ஓடினான். ஒரு தடவை மீனை வாங்கி மீன்காரனிடமே விட்டுவிட்டு வந்தான். இன்னொரு தடவை வெறுங்கையோடு வந்து, எதற்குப் போனேன் என்று நாச்சியாவிடமே கேட்டான்.

"உப்புக்கு" என்றாள் அவள்.

"மச்சான், ஒரு இடத்தில குந்துங்களன், எங்களுக்குத் தலை சுத்துது" என்றாள் ஸம்ஸியா.

வேலை என்னவோ நன்றாகத்தான் நடந்தது. புளியாணம் பெரிய பானையில் நுரை கட்டி வந்தது. பாரை மீன் ஆணம், இறால் பொரியல், சுண்டல், மாங்காய்ச் சம்பல், கடைசியில் ஊற்றிக்கொள்ள எருமைத் தயிர். மத்தியான லுஹர் தொழுகை முடிந்த கையோடு பொல்லடிக் கூட்டம் வந்தது. பன்னிரண்டு பேர், கையில் இரண்டிரண்டு பொல்லுத் தடி. மீராமுகைதீன் அண்ணாவியார் தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு பந்தல் முன்னால் நின்றார். பாய் விரிந்திருந்தது, பதினைந்து சஹனிலும் சோறு மணத்துக்கொண்டிருந்தது.

பிறகு நடந்ததைப் பார்த்துக் கச்சிமுகம்மதுவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆட்கள் வந்தார்கள். ஒருவர் இருவர் அல்ல, சந்தையே எழும்பி வந்தது. வண்டிக்காரர் வந்தார்கள், சாரன்காரர் வந்தார்கள், கடலில் வலை இழுத்த உடம்போடு சாய்ந்தமருது ஆட்கள் வந்தார்கள். மட்டக்களப்பு பஸ்ஸின் கொண்டக்டர் அழகரெத்தினம்கூடக் காக்கிச் சட்டையோடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு சஹனில் ஆறாவது ஆளாக இருந்தான். எதிர்க்கடை றேடியோ தன்பாட்டில் கத்திக்கொண்டிருந்தது. அந்தக் கடை வாங்கில் ஒரு பூனை மட்டும் இருந்து கேட்டது. ஆனால் இருந்தவர்களில் ஒருவரும் சஹனில் கை வைக்கவில்லை. எல்லாரும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எதற்கோ காத்திருந்தார்கள். பாட்டுக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று இவன் நினைத்தான்.

"தொடங்குங்க அண்ணாவியார்!"

எந்தப் பொல்லடியும் நபிகள்மேல் ஸலவாத்துச் சொல்லித்தான் தொடங்கும். அண்ணாவியாரும் அப்படித்தான் குரல் எடுத்தார். உடனே பந்தலில் இருந்த அவ்வளவு பேரும் ஒரே குரலில் ஸலவாத்தைத் திருப்பிச் சொன்னார்கள். அந்தச் சத்தத்தின் நடுவே, வெள்ளைச் சால்வையைக் காற்றுக்குப் பிடித்துக்கொண்டு, ஊருக்கு ஓதிக்கொடுக்கிற சீனிமுகம்மது லெப்பை உள்ளே வந்தார். எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் நடுப்பாயில் அமர்ந்து இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"சாம்பிராணிச் சட்டி எங்க மகன்?"

கச்சிமுகம்மது திகைத்தான். சாம்பிராணி? சஹனைப் பார்த்தான். ஆட்களைப் பார்த்தான். மோதின் முகம்மது தம்பி மூலையில் இருந்து, எல்லாம் என்னால்தான் என்கிற மாதிரிப் பெருமையாகத் தலையாட்டினார். அப்போதுதான் விளங்கியது. நேற்றுப் பின்னேரமே ஊருக்குள் செய்தி போய்விட்டது. கச்சிமுகம்மது கந்தூரி கொடுக்கிறான்! பள்ளிச் சஹன் அவ்வளவும் எடுத்திருக்கிறான், வருகிறவர்களுக்கெல்லாம் சோறாம்!

இது கந்தூரி இல்லை, கடைச்சோறு என்று சொல்ல வாய் திறந்தான். உடனே மூடிக்கொண்டான். பாயில் இருந்து பாத்திஹாவுக்குக் காத்திருக்கிற மனிதர்களிடம், சஹனில் குவித்த சோற்றுக்குக் காசு கேட்பதா? மருதமுனையில் இருக்கிற அவன் உம்மாகூடப் பிறகு அவனோடு கதைக்க மாட்டாள். பின்னாலிருந்து ஒரு சிரட்டையில் தணலும் சாம்பிராணியும் வந்தது. கிடுகு மறைப்பின் இடுக்கில் நாச்சியாவின் கை மட்டும் தெரிந்தது. அவளுக்கும் விளங்கிவிட்டது.

லெப்பை தணலை வாங்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார். "என்ன நிய்யத்து வெச்சு, எதுக்காகக் குடுக்கிறாய் மகன்? சொன்னாத்தானே துஆ கேக்கலாம்."

வீட்டில் பறக்கத்துப் பெருக என்று சொல்லியிருக்கலாம். நோய் நொடி வராமல் இருக்க என்று சொல்லியிருக்கலாம். ஆயிரம் பொய் இருந்தது, ஒரு நாளும் அவனுக்குப் பொய்க்குப் பஞ்சம் வந்ததில்லை. ஆனால் கை தன்பாட்டில் சட்டைப் பைக்குப் போய், அங்கே கடிதம் தடுக்கியது. தடுக்கியதும் வாய் தன்பாட்டில் திறந்தது.

"என்ட கால் லெப்பை…"

"காலுக்கு என்ன? வாதமா?"

"வாதம் இல்ல. நிக்கிதில்ல. ஒரு இடத்தில நிக்கிதில்ல. அது நிக்கோணும்."

பந்தலில் ஒரு சிரிப்பு எழும்பியது. எழும்பின வேகத்திலேயே அடங்கியும் போனது, ஏனென்றால் கச்சிமுகம்மது சிரிக்கவில்லை. கச்சேரியில் கையெழுத்து வாங்குகிற அந்தச் சிரிப்பு அவன் முகத்தில் எங்குமே இல்லை. அவனைச் சிரிப்பில்லாமல் ஊர் பார்த்தது அன்றைக்குத்தான். லெப்பை தணலில் சாம்பிராணியைத் தூவினார். பிறகு பாத்திஹா ஓதி, கையை உயர்த்தி, அறபில் கேட்டு முடித்துத் தமிழிலும் கேட்டார்.

"யா அல்லாஹ், இவன்ட கால இந்த ஊர்ல, இவன்ட வாசல்ல நிறுத்துவாயாக!"

"ஆமீன்!" என்றது பந்தல். கிடுகு அதிர்ந்தது. வண்டிக்காரர்கள் சொன்னார்கள், வலைக்காரர்கள் சொன்னார்கள், அழகரெத்தினமும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கையை ஏந்திக்கொண்டு சொன்னான். கச்சிமுகம்மதுவின் காது மட்டும் மறைப்புக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

துஆ முடிந்தது, மறுகா சோறு! அதை எப்படிச் சொல்ல? புளியாணத்தை ஊற்றிப் பிசைந்து முதல் கவளம் வைத்தவர்கள் கதையை நிறுத்திவிட்டார்கள். இறாலுக்குக் கைகள் சஹனுக்குள்ளேயே மல்லுக்கட்டின. ஒரு சம்மாந்துறை வண்டிக்காரர், நரைத்த மீசையில் தயிரோடு, "ஆர்ர கைப்பக்குவம் தம்பி இது?" என்றார். "வீட்டுலதான்" என்றான் இவன். அவர் பெருமூச்சு விட்டார். "கந்தூரிச் சோறு ஒரு நாளோட முடிஞ்சிரும். கடைச்சோறா இரிந்தா காசு குடுத்தே சந்தைக்குச் சந்தை வந்து தின்னலாமே." இதைக் கேட்டு அழுவதா சிரிப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

உண்டு எழும்பினதும் வெளியே பொல்லடி தொடங்கியது. பன்னிரண்டு பேரும் வட்டம் போட்டுக் குனிந்து நிமிர்ந்து பொல்லோடு பொல்லு தட்ட, புழுதி முழங்காலுக்கு ஏறியது. அண்ணாவியார் காற்றையே வம்புக்கு இழுத்தார்.

"கச்சான் அடிக்குதெண்டு
கதவச் சாத்தும் மச்சி
மச்சான் பசிச்சு வந்தா
மனசையுமா சாத்திடுவாய்?"

சந்தை ஆர்ப்பரித்தது. திரும்பத் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டார்கள். கச்சிமுகம்மதுவுக்கு மட்டும் அந்தக் கதவும் மச்சியும் நெஞ்சில் முள்ளாகக் குத்தின. இவ்வளவு பெரிய கூட்டம், இவ்வளவு புகழ், ஒரு சதம் இல்லை. நாச்சியா மூன்று நாள் நித்திரை முழித்து ஆக்கின சோறு. ஒவ்வொருவராக அவன் கையைப் பிடித்து முத்தமிட்டு, "அல்லாஹ் பறக்கத்துச் செய்வான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பந்தல் வெறுமையானது. மறைப்புக்குப் பின்னால் போனான்.

நாச்சியா பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"புள்ள…"

பானை தேய்கிற சத்தம்.

"எனக்குத் தெரியாமப் போயிட்டு புள்ள. அந்த மோதின் காக்கா கேக்கல்ல, நானும் சொல்லல்ல…"

பானை தேய்கிற சத்தம்தான். திட்டியிருந்தால் நின்றிருப்பான். அகப்பையால் இரண்டு போட்டிருந்தாலும் நின்றிருப்பான். பேசாமல் இருக்கிறாளே! முடிந்தது, இவள் என்னை முடித்துவிட்டாள் என்று நினைத்தான். நினைத்ததும் காலுக்குள் எறும்பு ஊரத் தொடங்கியது. முன்னால் வந்தான். அரிசிச் சாக்கைத் தூக்கினான். சீலைப்பையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தான். நடந்தானா, ஓடினானா, அது அவனுக்கே தெரியாது.

பஸ் மூச்சிரைத்துக்கொண்டு நின்றது. படியில் காலை வைத்தான். அழகரெத்தினம் வாசல் கம்பியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றான்.

"எங்க காக்கா?"

"மட்டக்களப்புக்கு."

"அங்க போய்?"

"அங்கயிருந்து கோச்சியில கொழும்புக்கு. டிக்கட்டத் தா தம்பி."

அழகரெத்தினம் சீலைப்பையைப் பார்த்தான், காலைப் பார்த்தான். "ஏத்தேலாது காக்கா."

"என்னது?"

"இப்பதானே உங்கட சோத்தத் திண்டுட்டு, கையை ஏந்தி ஆமீன் சொல்லிட்டு வாறன். வயித்துல அது இன்னும் செமிக்கல்ல. நான் வேற கோயிலுக்குப் போறவன்தான், ஆனா சொன்ன சொல்லு சொன்னதுதானே? அதுக்குள்ள நானே உங்களுக்கு டிக்கட் கிழிச்சா, நான் என்ன மனிசன்?"

"நான் காசு தாறன் ஓய்!"

"காசு தாறதெண்டாப் போல? கடவுளுக்கிட்ட ஒண்டு கேட்டுட்டு, கடவுளுக்குப் பின்னால நிண்டு வேற ஒண்டு செய்யிறதா?"

உள்ளே இருந்தவர்கள் தலையை நீட்டினார்கள். சாரன் மூட்டையோடு இருந்த ஒரு மருதமுனைக்காரர், "அது கச்சிமுகம்மது இல்லயா? ஏய், எறங்குடா! நாங்க இவ்வளவு பேரும் உன்ட காலுக்குத்தானே இப்ப துஆக் கேட்ட?" என்று கத்தினார். பின்வாங்கில் ஒருவர், "காலத் தூக்கிப் படியில வெச்சிட்டானா? பாருங்க, துஆ கபூலாகல்ல, பலிக்கல்ல" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. அழகரெத்தினம் சிரிக்கவில்லை. மெதுவாக அவன் தோளில் கை வைத்துக் கீழே இறக்கிவிட்டு, மணிக் கயிற்றை இழுத்தான். பஸ் போய்விட்டது.

நடுத்தெருவில் நின்றான் கச்சிமுகம்மது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கச்சான் சாரனைப் பிடித்து இழுத்தது. அக்கரைப்பற்றுப் பக்கம் போகிற பஸ் ஒன்று நாலு மணிக்கு இருந்தது, அதை ஒரு கணம் நினைத்தான். அதில் இருப்பவனும் ஆமீன் சொன்னவனாகத்தான் இருப்பான். திரும்பி நடந்தான்.

வாசலில் ஸம்ஸியா புறப்பட்டுக்கொண்டிருந்தாள். "வந்துட்டீங்களா மச்சான்? வெத்தில வாங்கினதா, மறந்துட்டதா?" என்று ஒரு போடு போட்டுவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு போனாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.

நாச்சியா சஹன்களை வரிசையாகக் கவிழ்த்துவைத்துக்கொண்டிருந்தாள். "பஸ் போயிட்டா?" என்றாள்.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கெப்படித் தெரியும்?"

"சாக்குக்கு அடியில சீலைப்பை இரிந்தத நான் செவ்வாய்க்கிழமையே கண்டன்."

"கண்டுமா பேசாம இரிந்த? மூணு நாளாக் கண்முழிச்சு ஆக்கின?"

"சோத்த ஆக்கினது என்ட சோத்துக்காக. உங்களுக்காக மட்டும் எண்டு நினைச்சீங்களா?" என்றாள். "சொல்லி நிக்கிற காலெண்டா மூணு வருசமா நிண்டிரிக்குமே. அதான் பேசல்ல."

"என்ன ஏத்தல்ல புள்ள. அழகரெத்தினம் ஏத்தல்ல. எல்லாரும் ஆமீன் சொன்னவங்களாம்."

"நான் சொல்லல்ல" என்றாள் நாச்சியா.

அப்போதுதான் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். புகையிலும் புழுதியிலும் கண் சிவந்திருந்தது. "ஊருக்கிட்டச் சொன்னீங்க, லெப்பைக்கிட்டச் சொன்னீங்க, முன்னப்பின்ன தெரியாத வண்டிக்காரனுக்கிட்டயும் சொன்னீங்க. எனக்கிட்ட ஒரு நாளாவது சொன்னீங்களா? ஊர் புடிச்சு வெச்ச கால் எனக்கென்னத்துக்கு? நாளைக்கு அந்த அழகரெத்தினம் லீவுல நிண்டா நீங்க பஸ்ஸில. இதுக்கு நான் ஆமீன் சொல்லோணுமா?"

அவன் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"அது உங்கட பேருக்கு வந்த. என்ன செய்யிறெண்டு நீங்களே பாருங்க."

நீட்டின கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். பிறகு, வாழ்நாளில் முதல் தடவையாக, சிரிக்காமல் அவளோடு கதைத்தான்.

"எனக்குப் பயமா இரிக்கி புள்ள. நிண்டா மூச்சு முட்டுது. ஏனெண்டு எனக்கே தெரியா. போனா உன்ட நினைவுல சோறு இறங்குதில்ல. கொழும்புல ஒரு நாளும் நான் வயிறாறத் திண்டதில்ல. ரெண்டு பக்கமும் ஏலாது. ஆனா நிக்கிறன். உனக்கிட்டத்தான் சொல்றன். நிக்கிறன்."

நாச்சியா கையிலிருந்த சஹனைக் கீழே வைத்தாள். இப்போது சொல்லிவிடுவாள், இப்போது ஆமீன் வந்துவிடும் என்று அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"விடிய மீனுக்குப் போங்க. அந்தச் சம்மாந்துறைக்காரர் சொன்னது எனக்கும் கேட்டிச்சு. வாற வியாழன் பீங்கான்ல போடுவம், விலையையும் முன்னாலயே சொல்லிருவம். அண்ணாவியாருக்கும் இண்டைக்கே சொல்லிவிடுங்க. அந்தச் சந்தை முடியட்டும். முடிஞ்சு நீங்க இஞ்ச நிண்டீங்க எண்டா, ஆமீன் சொல்றன்."

"மறுகா?" என்றான் கச்சிமுகம்மது.

"மறுகா, அதுக்கடுத்த சந்தை" என்றாள் நாச்சியா.